பூசாத சுவரைப் பார்க்கப் போனேன்

அக்டோபர் 11, 2024, வெள்ளி – பீட்டர்பரோ

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீடு பூச்சு இல்லாமல் செங்கல் தெரிய நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கட்டினவர் கையில் காசு தீர்ந்துவிட்டது. அப்பா கொத்தனார். நான் கும்பகோணம் பக்கம் சின்னச் சின்ன வீடுகள் கட்டிக்கொடுக்கிற ஆள். முப்பது வருஷமாக ஒரு சுவரையும் பூசாமல் விட்டதில்லை. இந்த ஊரில் வந்து இறங்கிய நாளிலிருந்து கண்ணில் படுவதெல்லாம் பூசாத சுவர். லண்டனில் மகள் வீட்டில் மூன்று வாரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவளே, "போய் நாலு நாள் தம்பி வீட்டில் இருந்துவிட்டு வாங்கப்பா, அந்தப் பக்கம்தான் பழைய செங்கல் வீடு நிறைய" என்று ரயில் ஏற்றிவிட்டாள்.

தம்பி என்றால் என் தங்கச்சி பையன். கிடங்கு ஒன்றில் ஷிஃப்ட் வேலை. வீடு இருப்பது ஃப்ளெட்டன் என்கிற பகுதியில். பெயரைக் கேட்டதும் நான் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றுவிட்டேன். "ஏண்டா, ஃப்ளெட்டன் செங்கல்னு ஒன்னு இருக்கே, அந்த ஃப்ளெட்டனா?" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக அங்கே குடியிருக்கிறான்.

இந்த ஊர்க் களிமண்ணிலேயே எரிகிற சத்து கலந்திருக்கிறது. கல்லை அறுத்துச் சூளையில் அடுக்கித் தீ வைத்தால் பாதி வேலையை மண்ணே பார்த்துக்கொள்ளும், நிலக்கரி கொஞ்சம் போதும். 1880-களில் இதைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் லண்டன் சுற்றுவட்டாரத்தில் எழும்பிய வீடுகளுக்கெல்லாம் இங்கிருந்துதான் ரயிலில் கல் போனது. இதையெல்லாம் மழையில் நனைந்துகொண்டே சொன்னேன். "சரி மாமா, வண்டில ஏறுங்க" என்றான்.

ராத்திரிக்கு ரசம், முட்டைப் பொடிமாஸ். ரசம் அவன் அம்மா வைப்பதைவிட நன்றாக இருந்தது. இதைத் தங்கச்சியிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

அக்டோபர் 12, சனி – ஆக்ஸ்பரோ ஹால்

நார்ஃபோக் போகிற வழி முழுக்கத் தட்டை நிலம். வானம்தான் பெரிசாக இருக்கிறது. ஒரு காலத்தில் இதெல்லாம் சதுப்பு, தண்ணீரை வடித்து வயலாக்கியிருக்கிறார்கள். வடித்ததும் மண் காய்ந்து சுருங்கித் தரை கீழே இறங்கிக்கொண்டே போகிறதாம், அதனால் ரோடு அலை அலையாக இருக்கிறது. தோணியில் போவதுபோல ஏறி இறங்கினோம். சாப்பிட்ட உப்புமா இரண்டு தடவை தொண்டை வரை வந்து விசாரித்துவிட்டுப் போனது. இது சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு வெட்டும் காலம், லாரி லாரியாகப் போகிறது, ரோடெல்லாம் சேறு. டவுனம் மார்க்கெட் என்கிற ஊரைத் தாண்டியதும் கைபேசி சொன்ன குறுக்குவழியில் நுழைந்தோம், எதிரே ஒரு கிழங்கு லாரி. இரண்டு பக்கமும் பள்ளம். பையன் அரை கிலோமீட்டர் பின்னாலேயே ஓட்டினான். லாரிக்காரர் தாண்டிப் போகும்போது கையைத் தூக்கி நன்றி சொன்னார், முகத்தில் ஒரு எரிச்சலும் இல்லை. நம்ம ஊராக இருந்தால் எனக்கும் அவருக்கும் பரம்பரையே ஞாபகம் வந்திருக்கும்.

ஆக்ஸ்பரோ ஹால் ஒரு சதுர அகழிக்கு நடுவே நிற்கிறது. பழுப்புத் தண்ணீர். அதிலிருந்து நேராகச் செங்கல் சுவர் எழும்புகிறது, நடுவே வாசல் கோபுரம், சுமார் 80 அடி. 1482-ல் எட்மண்ட் பெடிங்ஃபீல்ட் என்பவர் அன்றைய ராஜா நாலாம் எட்வர்டிடம் அனுமதி வாங்கிக் கட்டியது. அப்போதெல்லாம் மதிலுக்கு மேலே கோட்டை மாதிரிப் பல் பல்லாக வைத்துக் கட்ட ராஜா கையெழுத்து வேண்டும். பிளான் அப்ரூவல் அன்றைக்கே இருந்திருக்கிறது.

வாசலுக்கு முன் நின்று பார்த்தபோது முதலில் கோட்டை என்றுதான் தோன்றியது. இரண்டு எண்கோணக் கோபுரம், நடுவில் மேலே ஒரு வளைவு, வளைவுக்குப் பின்னால் இடைவெளி, அதன் வழியாக எதிரி தலையில் கல்லைப் போடலாம். ஆனால் அதற்குக் கீழேயே அகலமான ஜன்னல்கள். ஏணி போட்டு எவன் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். பீரங்கி வந்துவிட்ட காலம், இரண்டு குண்டுக்குச் சுவர் தாங்காது என்று கட்டினவருக்கே தெரியும். கோட்டை வேஷம் போட்ட வீடு இது.

வேஷத்துக்குச் செங்கல் ஏன்? இந்தப் பக்கம் நல்ல கட்டடக் கல் கிடையாது. கிடைப்பது சிக்கிமுக்கிக் கல்தான், அதில் மூலை பிடிக்க முடியாது. கல் வேண்டுமென்றால் தூரத்திலிருந்து படகில் வரவேண்டும். நம் டெல்டா மாதிரிதான், களிமண்ணுக்கு மட்டும் பஞ்சமில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஹாலந்து, ஜெர்மனியில் செங்கல்லிலேயே பெரிய பெரிய கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள், வியாபாரிகளோடு அந்த மோஸ்தரும் கிழக்குக் கரையில் வந்து இறங்கியது. இலையுதிர் காலத்தில் மண் வெட்டிப் போட்டு, குளிர்காலப் பனியில் அதை உதிரவிட்டு, வசந்தத்தில் மிதித்துக் கல் அறுத்துச் சூளை போடுவது. விறகுச் செலவும் ஆள்கூலியும் சேர்ந்தால் பணக்காரனுக்குத்தான் கட்டுபடியாகும். ஊரில் மற்றவனெல்லாம் மரச்சட்டத்துக்கு நடுவே மண்ணை அப்பிக்கொண்டிருந்த காலத்தில் இவர் சிவப்பாக ஒரு வீட்டைத் தண்ணீர் நடுவே நிறுத்தினால் அதன்மேல் எதற்குப் பூசுவார்?

நான் எப்போதும் பையில் ஒரு டேப் வைத்திருப்பேன். அகழிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கைக்கு எட்டிய கல்லை அளந்தேன். கனம் இரண்டு அங்குலத்தைச் சற்றுத் தாண்டுகிறது, நம் நாட்டுக்கல்லைவிட ஒல்லி. ஒரு கல் போல் இன்னொன்று இல்லை, ஒன்று வளைந்திருக்கிறது, ஒன்றில் வைக்கோல் தடம். இந்தக் கோணல் எல்லாவற்றையும் சுண்ணாம்புச் சாந்து ஏற்றுக்கொண்டு வரியை மட்டமாக வைத்திருக்கிறது. நான் அளப்பதை அங்கே நின்ற தன்னார்வலர் அம்மா, எழுபது வயதிருக்கும், பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து, "உள்ளே படிக்கட்டு இருக்கிறது, உங்களுக்கு அதுதான் பிடிக்கும்" என்றார்.

அந்தப் படிக்கட்டைப் பற்றி எழுதத்தான் இன்று தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கோபுரத்துக்குள்ளே திருகாக மேலே ஏறுகிறது. சுவர் செங்கல், தலைக்கு மேலே கூரையும் செங்கல். ஏறுகிறவன் தலைக்கு மேல் அதுவும் சுற்றிக்கொண்டே ஏறவேண்டும், ஒவ்வொரு கல்லும் முந்தின கல்லைவிட ஒரு நூல் உயரவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஒரு நேரான வளைவுக்கே சாரம் பிரிக்கும்வரை எனக்கு வயிறு கலங்கும். இதில் கைப்பிடியும் செங்கல். தனியாகப் பொருத்தவில்லை, சுவரைக் கட்டும்போதே சுவருக்குள் ஒரு பள்ளமாக விட்டு, பிடிக்கத் தோதாக உருட்டின கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். கை வைத்தேன். ஐந்நூறு வருஷத்துக் கைபட்டு வழவழப்பாகி, மண் மாதிரியே இல்லை, பழைய மரப்பிடி மாதிரி இருக்கிறது. மூட்டு வலியை மறந்து இரண்டு தடவை ஏறி இறங்கினேன், இரண்டாவது தடவை பின்னால் வந்த ஒரு குடும்பத்தை நெரிசலாக்கிவிட்டேன், அவர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். இந்த ஊரில் யார் மோதினாலும் மோதப்பட்டவர்தான் மன்னிப்புக் கேட்கிறார்.

மேலே ராஜா அறை. ஏழாம் ஹென்றி 1487-ல் வந்து தங்கியது. அதை ஒட்டி ஒரு சின்ன அறை, அந்தக் காலக் கழிப்பிடம், அதன் தரையில்தான் ரகசியக் குழி. பெடிங்ஃபீல்டுகள் கத்தோலிக்கர்கள், நாடு புராட்டஸ்டண்ட் ஆனபோது இவர்கள் மாறவில்லை. பாதிரியார் பிடிபட்டால் உயிர் போகும், ஒளித்துவைத்தவருக்கும் அதே கதி. ஆகவே ஒரு பாதிரியார் மட்டும் ஒடுங்கி உட்காருகிற அளவுக்குச் சுவருக்குள் ஓர் இடம். அதன் மூடியிலும் தரையில் இருக்கிற அதே ஓடு பதித்திருக்கிறார்கள். ஓரத்தை மிதித்தால் தராசு மாதிரிச் சுழன்று திறக்கும். மூடிவிட்டால் எது தரை, எது மூடி என்று தெரியாது. செங்கல் வீட்டின் சுவர் இவ்வளவு தடிமனாக இருப்பதில் இப்படியும் ஒரு சௌகரியம். ஸ்காட்லாந்து ராணி மேரி சிறையிருந்தபோது தைத்த பூவேலைத் திரைகளும் இங்கே ஓர் இருட்டறையில் இருக்கின்றன, கூட்டமெல்லாம் அங்கேதான். எனக்கு அந்த மூடிதான்.

இப்போது என் அசட்டுத்தனம். முற்றத்தில் நின்று புகைபோக்கிகளை இருபது படம் எடுத்தேன். முறுக்குப் பிழிந்த மாதிரித் திருகித் திருகி நிற்கிற செங்கல் புகைபோக்கிகள். "1482-லயே இப்படிப் பண்ணியிருக்கான் பாருடா" என்று பையனுக்குப் பாடம் வேறு. அதே அம்மா பின்னால் வந்து, ரொம்பத் தயங்கி, "அவை விக்டோரியா காலத்தவை" என்றார். அப்புறம்தான் தெரிந்தது. 1775-ல் அப்போதைய வாரிசு தெற்குப் பக்கத்துப் பெரிய கூடத்தை இடித்துத் தள்ளியிருக்கிறார். 1830-களிலிருந்து பக்லர் என்கிற கட்டடக்கலைஞரை வைத்து, பழைய வீடு இன்னும் பழசாகத் தெரிய என்னென்ன வேண்டுமோ அத்தனையும் சேர்த்திருக்கிறார்கள், திருகு புகைபோக்கி, வெளியே தள்ளின ஜன்னல், தென்கிழக்கு மூலையில் ஒரு கோபுரம். வாசல் கோபுரம்தான் பிசிறில்லாத அசல். முப்பது வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு என்னால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அதற்கப்புறம் பையன் எதைக் காட்டினாலும் "இது எந்த வருஷம் மாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இந்த வீடு இப்போது நிற்பதே ஆச்சரியம். 1951-ல் விற்றுவிட்டார்கள், வாங்கினவர்களுக்கு வேண்டியிருந்தது மரமும் நிலமும், வீட்டை இடிக்க ஏற்பாடு. குடும்பத்துப் பெண்கள் மூன்று பேர், சிபில் என்கிற பெரியவரும் அவர் மகளும் உறவுப் பெண் ஒருத்தியும், தங்கள் சொந்த வீடுகளை விற்றுப் பணம் திரட்டி இதை மீட்டு, 1952-ல் பழைய கட்டடங்களைக் காக்கிற நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். 2016-ல் கூரை ஜன்னல் ஒன்று பெயர்ந்து முற்றத்தில் விழுந்தது. பரிசோதித்தால் கூரையே ஆபத்தில். 60 லட்சம் பவுண்டு செலவில் ரிப்பேர். 2020-ல் பரண் பலகையைப் பெயர்த்தபோது, எலிகள் நூற்றாண்டுக் கணக்கில் சேர்த்துவைத்த துணிக் கிழிசல்கள், பைபிள் சங்கீதம் எழுதிய பதினைந்தாம் நூற்றாண்டுப் பொன் எழுத்துத் தாள் ஒன்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்து டெர்ரிஸ் சாக்லேட் பெட்டி. பெட்டி காலி. ரேஷன் காலத்தில் எவனோ மொத்தத்தையும் தனியாளாகத் தின்றுவிட்டுப் பெட்டியைப் பலகைக்கு அடியில் தள்ளியிருக்கிறான்.

கஃபேயில் ஒரு டீ, ஒரு ஸ்கோன், ஏழு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. நம் காசில் எழுநூற்றைம்பது. பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவிலான ஒரு வஸ்து, கிளாட்டட் கிரீம் என்று பாலாடை வைக்கிறார்கள், அது மட்டும் தஞ்சாவூர்ப் பாலாடைக்குப் பக்கத்தில் வரும்.

கிளம்புமுன் பக்கத்துத் தேவாலயம். 1948-ல் கோபுரத்தின் ஊசிமுனை சாய்ந்து விழுந்து பாதிக் கட்டடம் போய்விட்டது. போகாமல் தப்பியது பெடிங்ஃபீல்டு கல்லறைகள் இருக்கும் சிறு கூடம். 1520-கள் வாக்கில் செய்த சுடுமண் வேலை, கதவு நிலைபோல உயர்ந்து பூவும் கொடியுமாக. நான் போனபோது வேறு யாருமில்லை.

இரவு அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். எண்பத்தொரு வயது, கண் ஆபரேஷன் ஆனவர். குரல் பதிவில் பதில் வந்தது: "கட்டு நல்லாருக்கு. பூச்சு எப்பப்பா?"

அக்டோபர் 13, ஞாயிறு – பீட்டர்பரோ

மழை. முழங்கால் வீக்கம். மாவு பொங்கவில்லை, ஹீட்டர் பக்கத்தில் வைத்தும் பொங்கவில்லை, ஆகவே தோசை என்ற பெயரில் ஒன்று.

மழை விட்ட ஒரு மணி நேரத்தில் தெருவில் சுவர் பார்க்கப் போனோம். சைட்டில் நாங்கள் இங்கிலீஷ் பாண்ட் என்று சொல்லியே கட்டுகிறோம், ஒரு வரி முழுக்கக் கல்லின் நீளம் தெரியும், அடுத்த வரி முழுக்க முனை தெரியும், ஸ்ட்ரெச்சர் ஒரு வரி, ஹெட்டர் ஒரு வரி. இங்கே பழைய தொடர் வீடுகள் சிலவற்றில் ஒரே வரியில் நீளம், முனை, நீளம், முனை என்று மாறி மாறி வருகிறது, அது ஃப்ளெமிஷ் பாண்ட். லண்டனில் 1631-ல் கட்டிய கியூ அரண்மனையில் அது பளிச்சென்று இருக்கும், மகள் கூட்டிப்போய்க் காட்டினாள். பையன் வீடு புதுசு. அதில் நீளம் மட்டும்தான், முனையே இல்லை. இரண்டு தனித்தனிச் சுவர், நடுவில் இடைவெளி, வெளியே தெரிகிற செங்கல் ஒரு சட்டை மாதிரி. கல் உள்ளே போய்க் கடிப்பதே கிடையாது. சொன்னதும் அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான். வாடகை எவ்வளவு என்று கேட்டேன், சொன்னான், இங்கே எழுத மனமில்லை.

அக்டோபர் 14, திங்கள் – டாட்டர்ஷல்

பையன் லீவு போட்டான். வடக்கே லிங்கன்ஷயர். மழை இல்லை, ஆனால் காது அறுந்துபோகிற காற்று.

டாட்டர்ஷல் கோபுரம் நாலைந்து மைலுக்கு முன்னாலேயே தெரிகிறது. 130 அடி, 149 படி. ஆக்ஸ்பரோவுக்கு நாற்பது வருஷம் மூத்தது. கட்டினவர் ரால்ஃப் கிராம்வெல், நாட்டுக்கே பொருளாளர். கஜானாக்காரர் என்பதை ஊருக்குச் சொல்லவேண்டாமா, ஆகவே கணப்பு மாடங்களிலெல்லாம் பணப்பை செதுக்கிவைத்திருக்கிறார். சுமார் ஏழு லட்சம் கல் என்கிறார்கள். கல் அறுத்துக் கொடுத்தவர் பெயர் கணக்கில் இருக்கிறது, பால்ட்வின் டோச்மன், அதாவது டச்சுக்காரனோ ஜெர்மன்காரனோ ஆன பால்ட்வின். ராஜா பெயரும் பிரபு பெயரும் எல்லா ஊரிலும் இருக்கும். சூளைக்காரர் பெயர் ஐந்நூற்றெண்பது வருஷம் கழித்துத் தெரிவது எனக்கு என்னவோ செய்தது.

வெளிச்சுவரில் அங்கங்கே கறுப்புச் சாய்சதுரங்கள். சூளையில் தீக்குப் பக்கத்தில் மாட்டி அதிகம் வெந்து கறுத்து மினுங்குகிற கல்லை நாங்கள் அஸ்திவாரத்தில் போட்டு மறைப்போம். இவர்கள் அதையே பொறுக்கியெடுத்து முனை தெரிய வைத்துக் கோலம் போட்டிருக்கிறார்கள். மேல் மாடி நடையில் கூரை வளைவின் விலா எலும்புகூடச் செங்கல்தான், ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது, சந்திக்கிற இடங்களில் கேடயம். ஒரு கோபுர மூலையைப் பிற்காலத்தில் புறாக்கூடாக்கி, குச்சி முடைந்து மண் பூசிப் பொந்து பொந்தாக வைத்திருக்கிறார்கள். அப்பாடா, பூச்சு ஒன்று பார்த்தாயிற்று.

இந்த வீட்டைக் காப்பாற்றியவர் நமக்குத் தெரிந்தவர், கர்சன் பிரபு. வங்காளத்தைப் பிரித்த அதே கர்சன். இந்தியாவில் வைஸ்ராயாக இருந்தபோது 1904-ல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தவர். ஊர் திரும்பிய பிறகு, இந்தக் கணப்பு மாடங்களைப் பெயர்த்து அமெரிக்காவுக்கு ஏற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு 1911-ல் கோபுரத்தையே வாங்கி, மாடங்களையும் தேடிப்பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார். 1913-ல் இங்கேயும் அப்படிச் சட்டம் வந்ததற்கு இந்தச் சண்டை ஒரு காரணம். அவர்மேல் எனக்கிருந்த கோபம் 149 படி ஏறும்வரை அப்படியே இருந்தது. உச்சியில் நின்றபோது கொஞ்சம் குறைந்தது.

உச்சியில் நிற்கும்போதே தலைக்கு மேல் போர் விமானம், பக்கத்தில் கானிங்ஸ்பி விமானப்படைத் தளம். நான் குனிந்தேவிட்டேன். அங்கே நின்ற தாத்தா சிரிக்காமல், "தினமும் நானும் குனிகிறேன்" என்றார். பொய்தான், ஆனால் நல்ல பொய்.

கானிங்ஸ்பியில் சிப்ஸ், மேலே வினிகர், நாலு பவுண்டு. அந்த ஊர் தேவாலயக் கடிகாரத்துக்கு ஒரே முள். மணி முள் மட்டும். நிமிஷத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

திரும்பும் வழியில் அலை ரோட்டில் பள்ளம், டயர் போச்சு. ஓரம் புல்தரை, ஜாக்கி வைத்தால் மண்ணுக்குள் இறங்குகிறது, மூன்று தடவை முயன்றோம். உதவி எண்ணுக்கு அழைத்தால் இரண்டு மணி நேரம் என்றார்கள். இருட்ட ஆரம்பித்தபோது டிராக்டர் ஓட்டிவந்த ஒருவர் கேட்காமலே நிறுத்தினார். ஒரு பலகையை ஜாக்கிக்கு அடியில் போட்டார், பின்சக்கரம் உருளாமலிருக்க வண்டியிலிருந்து இரண்டு பழைய செங்கல்லை எடுத்து முட்டுக்கொடுத்தார். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. பேச்சே இல்லை, மழை வரும் என்று மட்டும் சொன்னார்.

நான் அந்தக் கல்லில் ஒன்றைப் புரட்டினேன். நடுக்குழியில் எழுத்து: எல்பிசி, ஃபோர்ப்ரெஸ். லண்டன் பிரிக் கம்பெனியின் முத்திரை, நாலு தடவை அழுத்தின கல் என்பதைத்தான் அப்படிச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். ஃப்ளெட்டன் கல். பையனிடம் நீட்டினேன், கைபேசி வெளிச்சத்தில் படித்தான்.

"மாமா, எங்க தெருக் கல்லா?"

டிராக்டர்காரரிடம் இதை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், அப்புறம் இன்னொன்றையும் எடுத்து நீட்டினார். ஒன்று போதும் என்றேன். இரண்டரை கிலோ இருக்கும். மகளுக்குப் போன் போட்டுப் பெட்டியில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டேன், எதற்கு என்றாள், இன்னும் சொல்லவில்லை.